சாமான் அலமாரியில் ஒரு வாசிப்பு மாடம்

நெசவாளர் இல்லமாயினும் குடியானவர் இல்லமாயினும் சுவரில் பதித்த அலமாரி ஒன்று அநேகமாக இருக்கும். வீடு கட்டிய காலத்தில் துணிமணி வைப்பதற்கென்று விடப்பட்ட இடம் அது. இரண்டொரு வருஷங்களில் துணிமணி கொடிக்கு வந்துவிடும். அலமாரியில் மற்றவை குடியேறிவிடும். பல் உடைந்த அச்சு, இற்றுப்போன விழுது, காலித் தார்க்குச்சிகள், இப்போது யாரும் கேட்காத பூவேலையின் ஜக்கார்டு அட்டைக் கட்டு, பழைய கணக்குப் புத்தகங்கள், விதை வாங்கி வந்த பைகள், மடித்த சாக்குகள், பாதி தீர்ந்த மருந்துப் புட்டிகள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பழம்புடவை மூட்டை. கதவைத் திறந்தால் ஏதேனும் ஒன்று காலில் விழும் என்று அஞ்சியே அதைத் திறக்காமல் விட்டுவிட்ட வீடுகளும் உண்டு. அந்த அலமாரியைக் காலி செய்து, தளர்நடை நடக்கும் பிள்ளை உட்கார்ந்து படம் பார்க்கவும், பெரியவர் ஒருவர் அருகிலிருந்து கதை சொல்லவும் ஏற்ற சிறு மாடமாக அதை மாற்றும் விதத்தை ஈண்டு விளக்க எண்ணுகிறோம்.

கால் நீட்டப் போதிய இடமில்லாத வீட்டில் குழந்தைக்கு வாசிப்பு மாடமா என்று அங்கத்தினர்களிற் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. குழித்தறி ஒன்று நின்றால் முன்கூடத்தின் பெரும்பகுதி அதற்கே சரியாய்விடும். ஆனால் ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள நம் குழந்தை பகல் முழுவதும் எங்கே இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தறிக்குழியின் ஓரத்தில் இருக்கிறது. நூல் சிக்கலில் கைவிட்டு அடி வாங்குகிறது. களத்து மேட்டில் சாக்கின்மேல் தூங்குகிறது. இவை எதுவும் இல்லையேல் கையில் கைபேசியுடன் ஒரு மூலையில் அசையாமல் அமர்ந்திருக்கிறது. வேலை ஓட வேண்டுமே என்னும் நெருக்கடியில்தான் பெற்றோர் கைபேசியைக் கொடுக்கின்றனர். அதற்காக அவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. எனினும், உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் திரையைப் பார்த்து அமர்ந்திருப்பது வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது, அதிலும் குறைவாயிருப்பதே நலம் என்றும் கூறப்பட்டிருக்கிறது. குழந்தை அமர்ந்திருக்கும் வேளையில் பெரியவர் ஒருவர் படித்துக் காட்டுவதும் கதை சொல்வதும் நல்லது என்றும் அதே ஏடு சொல்கிறது. கைபேசியை வாங்கி வைத்துவிட்டால் போதாது. அதனிடத்தில் ஒன்றைத் தர வேண்டும். நாம் தரக்கூடியவற்றுள் மிகச் செலவு குறைந்தது இந்த மாடம்.

சிறிய இடத்தில் புகுந்து இருப்பதில் குழந்தைகளுக்கு உள்ள ஆசை புதியதன்று. கட்டிலுக்கு அடியிலும், சேலை மறைவிலும், கவிழ்த்த கூடைக்குள்ளும் புகுந்துகொள்ளாத பிள்ளை உண்டோ? நம் புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே வகுத்தார்கள். அதில் அச்சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று சிறுமியர் வேண்டுவதாகப் பாடினார்கள். தன் அளவுக்குத் தக்க வீடு ஒன்று வேண்டும் என்பதே பிள்ளையின் விருப்பம். பெரியவர்கள் அடைசலிட்டு வைத்திருக்கும் அலமாரி அந்த அளவுக்கு மிகப் பொருத்தமாய் அமைந்துவிடுகிறது. இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 34 அங்குலம். மூன்றடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள அலமாரியின் கீழ்ப்பகுதி அதற்கு ஓர் அறைக்குச் சமானம்.

எந்த அலமாரி என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். சுவரில் பதித்ததே ஏற்றது. தனியே நிற்கும் மர அலமாரியும் இரும்புப் பீரோவும் இதற்கு ஆகா. தட்டைப் பிடித்துப் பிள்ளை ஏறினால் அப்படியே முன்பக்கம் கவிழக்கூடியவை அவை. (அவ்விதப் பீரோ வீட்டிலிருந்தால், மாடம் அமைத்தாலும் அமைக்காவிட்டாலும், அதனை இரும்புப் பட்டை கொண்டு சுவரோடு பிணைத்துவிடுவது அவசியம்.) மேற்குச் சுவர் அலமாரி சித்திரை வைகாசியில் அடுப்பைப் போல் காயும், உட்சுவராயிருப்பின் நல்லது. மறுபுறம் விசைத்தறி ஓடும் சுவரும் வேண்டாம். விசைத்தறிக் கூடத்தின் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அதனிடையே கதை எடுபடாது, காதுக்கும் கேடு. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: தறியில் அமர்ந்திருப்பவர் தலை நிமிர்ந்தால் பிள்ளை கண்ணில் பட வேண்டும், மாடத்திலிருந்து பிள்ளை தவழ்ந்து வந்தால் நேரே தறிக்குழியில் விழும்படியான வழி இருத்தலாகாது.

இனி, காலி செய்யும் வேலை. இக்காரியத்தில் மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி இதுவே. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். அலமாரியிலுள்ள பண்டங்களை வெளியே எடுக்கும் அன்று பிள்ளையை அண்டை வீட்டிலோ பாட்டியிடமோ விட்டுவிட வேண்டும். ஏனெனில், நாம் நெடுநாள் மறந்திருந்த நஞ்சுகள் அன்றுதான் தரைக்கு வருகின்றன.

குடியானவர் வீட்டில் முதலாவது பூச்சிமருந்து. 1968 ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தையொட்டி 1971 இல் இயற்றப்பட்ட விதிகளின்படி, ஒவ்வொரு புட்டியின் சீட்டிலும் சாய்சதுரக் குறி ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பாயிருந்தால் அது மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் அதனினும் குறைந்தது. பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. பச்சைக் குறி இருப்பதால் குழந்தை தொடலாம் என்பது பொருளன்று. இந்நான்கில் எதுவும் வசிக்கும் வீட்டினுள் இருக்கலாகாது. பூட்டு உள்ள தனிப்பெட்டியில், வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டும். மீதமான மருந்தைச் சோடாப் புட்டியிலும் எண்ணெய்ப் புட்டியிலும் ஊற்றி வைக்கும் பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. நெற்றிக்கு மேல் உயரத்தில் வைத்துவிட்டோம் என்ற தைரியம் உதவாது. மருந்துக்கு உரிய சீட்டு இல்லாத புட்டி எந்த உயரத்திலிருந்தாலும் ஒருநாள் ஒருவர் வாய்க்குப் போகும்.

நெசவாளர் வீட்டில் சாயச்சரக்குகள். காஸ்டிக் சோடாக் கரைசல் பார்வைக்குத் தண்ணீர் போலிருக்கும்; ஒரு மிடறு உட்சென்றால் உணவுக்குழல் வெந்து புண்ணாகி, ஆயுள் முழுதும் சோறு விழுங்க முடியாத நிலை வரக்கூடும். ஹைட்ரோஸ் என்று நாம் சொல்லும் பொடி ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. பழந்துணியும் பஞ்சும் நிறைந்த அலமாரியில் அதற்கு இடமே இல்லை. வெளுக்கும் தூள், மண்ணெண்ணெய், தறிக்கு இடும் எண்ணெய் ஆகியவையும் அவ்வாறே வெளியேற வேண்டியவை.

மூன்றாவதாக உள்ளதை யாரும் நஞ்சென்று நினைப்பதில்லை. துணிக்கிடையே போடும் பாச்சை உருண்டையைத்தான் சொல்லுகிறோம். அது நாப்தலீனால் ஆனதாயின், வெள்ளை மிட்டாய் போன்ற அதனைக் குழந்தை வாயிற் போட்டுக்கொள்வது ஓர் அபாயம். மற்றொரு அபாயமும் உண்டு. இரத்தச் சிவப்பணுக்களில் இயல்பாக இருக்க வேண்டிய ஒரு நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு நாப்தலீனால் அச்சிவப்பணுக்கள் சிதைந்து சோகையும் காமாலையும் உண்டாகின்றன. தம் பிள்ளைக்கு அக்குறை இருப்பது பெற்றோர்க்குத் தெரிந்திராது. ஆகையால் உருண்டைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அகற்றி, அலமாரியில் கிடந்த துணிகளைத் துவைத்து இரண்டு நாள் வெயிலில் போட வேண்டும். புத்தகத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமெனின், காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து, குழந்தைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தால் போதும்.

இவை போக எஞ்சுவன தொழிற்கருவிகள். இங்கேதான் பலருக்கும் கை தயங்குகிறது. தறி மூன்று நின்ற இடத்தில் ஒன்று நிற்கிறது. எனினும் மற்ற இரண்டின் உறுப்புகளும் அலமாரியில் காத்திருக்கின்றன. மறுபடி ஒரு காலம் வரும் என்று வைத்திருப்பதை எறியச் சொல்ல எவருக்கும் மனம் வராது. நாமும் எறியச் சொல்லவில்லை. இன்றும் தறிக்குப் பயன்படக்கூடியவற்றைத் தனியே எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்துப் பரணில் ஏற்றலாம்; தேவையுள்ள உறுப்பினர்க்குச் சங்கத்தின் வாயிலாகக் கைமாற்றியும் விடலாம். பழுது பார்க்க முடியாத அச்சும் விழுதும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் யாருக்கும் பயனில்லை. ஜக்கார்டு அட்டைகளைப் பொறுத்தவரை, அப்பாவோ தாத்தாவோ நெய்த பூவேலையின் கட்டு ஒன்றையேனும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து. அதன் உபயோகத்தைப் பின்னர்க் கூறுவோம்.

காலியான அலமாரியின் கதவுகளைக் கீலோடு கழற்றிவிட வேண்டும். திரும்பப் பொருத்தலாமே என்று ஒரு கதவை மட்டும் விட்டு வைப்பதும் கூடாது. உள்ளே புகுந்த பிள்ளையின்மேல் கதவு சாத்திக்கொண்டால் வெளியிலிருப்பவர்க்குத் தெரியாமலேயே மூச்சுமுட்டும் அபாயம் உண்டு. கீலிடுக்கில் விரல் நசுங்குவது அன்றாட விபத்து. கதவிருந்த இடத்தில் திரையும் வேண்டாம். அழகுக்காகத் திரைதான் வேண்டுமென்பார் மேல்பாதிக்கு மட்டும், கயிறின்றி, குச்சியில் கோத்துக் கட்டட்டும். கீழ்த்தட்டுகளையும் எடுத்துவிட வேண்டும். மூன்றரை அடிக்கு மேலுள்ள தட்டுகள் இருக்கட்டும். அவற்றில் பெரியவர்களின் பொருளை வைத்துக்கொள்ளலாம், கனமில்லாதவையும் உருண்டு விழாதவையுமாக.

அலமாரியின் நிலையிலும் தட்டுகளிலும் பழைய எனாமல் வர்ணம் பூசப்பட்டிருந்தால் எச்சரிக்கை தேவை. முற்காலத்து வர்ணங்களில் ஈயம் கலந்திருந்தது. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று மத்திய அரசு 2016 இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய பூச்சு உரிந்துகொண்டிருந்தால் அதை உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. தூள் எழுந்து வீடெங்கும் படியும். ஈரத்துணியால் நனைத்து நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் கட்டி அப்புறப்படுத்தி, இடத்தைப் பலமுறை துடைக்க வேண்டும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. புத்தி வளர்வதற்கென்று கட்டும் மாடத்தில் அது இருப்பது எவ்வளவு பேதைமை!

சுவருக்குச் சுண்ணாம்பே போதும். மலிவானது, பூஞ்சணம் பிடிக்காது, இருண்ட மூலைக்கு வெளிச்சம் தரும். நீற்றும் சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் பார்வை போகும் என்பதால், அடித்து நன்கு உலரும் வரையில் பிள்ளையை அணுகவிடலாகாது. முதுகில் ஒட்டாமலிருக்க, தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் காடாத்துணியை இழுத்து அடிக்கலாம். மரச்சட்டத்தின் ஓரத்தில் ஆணித்தலை தெரியாதவாறு மடித்து அடிக்க வேண்டும். மாதம் ஒருமுறை கழற்றித் துவைக்கக்கூடியதாயிருப்பின் இன்னும் சிறப்பு.

வெளிச்சத்துக்கு 5 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்று, மேல்தட்டின் அடியில், பிள்ளையின் கண்ணில் நேரே படாதபடி முன்விளிம்புக்குச் சற்று உட்புறமாக. பழைய குமிழ் விளக்கு சூடேறும், அது வேண்டாம். கம்பி குழாய்க்குள் செல்ல வேண்டும். விசை வெளியே, ஆள் உயரத்தில். மாடத்தினுள் மின்செருகி எதுவும் இருத்தலாகாது. பொத்தான் மின்கலம் போட்ட சிறு விளக்குகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை அறவே விலக்க வேண்டும். அம்மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தொண்டைக்குழலை அரித்துவிடும்.

தரைக்கு வருவோம். இங்கே நம் அங்கத்தினர்கள் வெளியே எதையும் தேட வேண்டியதில்லை. அடியில் கோரைப்பாய், மழைக்காலத்தில் சிமிட்டித் தரையின் ஈரத்தை அது தடுக்கும். அதன்மேல் பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்து விரிக்கலாம். முரட்டு நூலில் நெருக்கமாக நெய்யப்பட்டதாகையால், பிள்ளை உருண்டாலும் புரண்டாலும் அது சுருங்கி மூலைக்குப் போவதில்லை, ஆண்டுக்கணக்கில் துவைக்கலாம். வரிவரியான அதன் நிறங்கள் குழந்தைக்கு முதற் பாடமாகவே அமையும். ஜமுக்காளத்தின்மேல் ஓர் அங்குலத் தடிப்பில் மெத்தையும், சாய்ந்துகொள்ள ஒரு திண்டும் தைக்கலாம்.

திண்டுக்கு இலவம்பஞ்சா, பருத்திப்பஞ்சா என்று கேட்டால், சாயும் திண்டுக்கு இலவமும் உட்காரும் மெத்தைக்குப் பருத்தியும் என்போம். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாயிருப்பதால் எடை குறைவு. நீரை எளிதில் ஏற்பதுமில்லை. ஆனால் அது எளிதில் தீப்பற்றும். நுண்ணிய துகளாகப் பறக்கும். ஆகையால் நெருக்கமாக நெய்த துணியில் உள்ளுறை ஒன்று தைத்து, அதன்மேல் கழற்றித் துவைக்கும் வெளியுறை போட வேண்டும். பருத்தி நாளடைவில் கட்டிதட்டும். எனினும் வெயிலில் காயவைத்துக் கொட்டி அடித்தால் பழைய நிலைக்கு வரும். வரப்போரம் இலவமரம் வைத்திருப்போர்க்கும், பருத்தி விளைவிப்போர்க்கும் இதற்குக் காசு செலவில்லை. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தையை இந்த மெத்தையிலும் திண்டிலும் தூங்க வைத்துவிட்டு வேலைக்குப் போகக் கூடாது. முகம் புதைந்தால் அதற்குத் திரும்பத் தெரியாது.

உறைத்துணியின் சாயத்தைப் பற்றி நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டுமா? ஆயினும் ஒரு வார்த்தை. இவ்வயதுக் குழந்தை துணியைச் சப்பும். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து உறையின்மேல் அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அத்துணி இதற்கு உதவாது. குறிப்பிட்ட சில அசோ சாயங்கள் உடலுக்குத் தீங்கென்று 1997 இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. அதற்கு முந்திய மீதச் சாயம் எவ்வளவு நன்றாயிருந்தாலும் குழந்தைத் துணிக்கு ஆகாது. ஜரிகைத் துணியும் வேண்டாம். இழை பிரிந்தால் குத்தும்.

புத்தகங்களை வைக்கும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் முதுகு தெரியும்படி அடுக்குகிறோம். எழுத்து அறியாத பிள்ளைக்கு முதுகைக் கண்டு ஒன்றும் விளங்காது. அட்டைப்படம் முழுதும் தெரிய வேண்டும். அதற்குத் தச்சுவேலை தேவையில்லை. மூன்றடி நீளக் காடாத்துணியின் இரு ஓரங்களிலும் குழல்போல் மடித்துத் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மரக்குச்சியைச் செருகி, குச்சிகளை மாடத்தின் பக்கச் சுவர்களில், முன்பின்னாக நான்கு அங்குல இடைவெளியில் பொருத்தினால் தூளி போன்ற தொட்டில் ஒன்று அமையும். தரையிலிருந்து ஓர் அடி உயரம் போதும். அதில் நாலைந்து புத்தகங்கள் முகம் காட்டிச் சாய்ந்து நிற்கும். பிள்ளையே எடுக்கும், எடுத்த இடத்தில் போடவும் பழகும். இருபது புத்தகம் இருந்தாலும் ஐந்தை மட்டும் வைத்து, வாரம் ஒருமுறை மாற்றுவதே சரியான முறை. கிழிவதைப் பொருட்படுத்தலாகாது. கடிக்காமலும் கிழிக்காமலும் புத்தகத்தோடு பழகிய குழந்தையை நாம் கேள்விப்பட்டதில்லை.

முதற் புத்தகத்தை வீட்டிலேயே செய்யலாம் என்பது எமது யோசனை. 16 அங்குல நீளமும் 8 அங்குல அகலமும் உள்ள காடாத்துண்டுகள் ஆறு எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து ஓரம் மடித்துத் தைத்தால் மூன்று இரட்டைத் தாள்கள் கிடைக்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவே தைத்து மடித்தால் பன்னிரண்டு பக்கமுள்ள துணிப்புத்தகம். அதன் பக்கங்களில் நம் தறியில் விழுந்த துண்டுகளையே ஒட்டுத்தையல் போட வேண்டும்: ஒரு பக்கத்தில் கட்டம், ஒரு பக்கத்தில் கோடு, மதுரைச் சுங்குடியின் புள்ளி ஒரு பக்கத்தில், மாங்காய், மயில், அன்னம், மல்லிமொக்கு, ருத்திராட்சம் என்று நூலாலேயே ஆன பூவேலை கிடைத்தால் அதுவும். முன்னர் வைத்துக்கொள்ளச் சொன்ன ஜக்கார்டு அட்டை இப்போது உதவும். அதன் துளைகளை வெளிச்சத்துக்கெதிரே பிடித்துக் காட்டி, இந்தத் துளைகள்தாம் மயிலாயின என்று சொன்னால், இரண்டு வயதில் விளங்காவிட்டாலும் ஐந்து வயதில் விளங்கும். பொத்தான், மணி, பாசி எதையும் புத்தகத்தில் தைக்கலாகாது. ஒன்றேகால் அங்குலத்துக்கு உட்பட்ட சிறு பொருள் எதுவும் இவ்வயதினர் தொண்டையை அடைக்கவல்லது.

விலைகொடுத்து வாங்குவோர்க்கும் இன்று குறைவில்லை. நேஷனல் புக் டிரஸ்டும் சில்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957 இல் தோன்றியவை. சென்னையில் 1996 இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும் படப்புத்தகங்களை வெளியிடுகிறது. 2004 இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015 முதல் ‘ஸ்டோரிவீவர்’ என்னும் தளத்தில் பல மொழிக் கதைகளை எவரும் இலவசமாகப் படிக்கவும் அச்சிட்டுக்கொள்ளவும் தந்திருக்கின்றனர். அப்பெயருக்குக் கதை நெசவாளர் என்று பொருள். நம்மவர்க்கு உரிமை கொண்டாட இடமுண்டு. பாட்டுக்குக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும் இருக்கிறார்கள். நம் ஊர்க் கிளை நூலகத்தை மறந்துவிடக் கூடாது. 1948 ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. கொடுத்த காசுக்குப் பண்டம் வாங்காமல் திரும்பும் வழக்கம் நமக்கு வேறெங்கும் இல்லை. நூலகத்தில் மட்டும் ஏனோ அப்படிச் செய்கிறோம். அச்சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்த சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் காலத்தில், 1931 இல், மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியிலேயே நூல்கள் கிராமம் கிராமமாகச் சென்றன.

புத்தகம் வந்துவிட்டது, படித்துக் காட்டுவது எப்படி? இது தெரியாமலே நல்ல மாடங்கள் வீணாவதுண்டு. 1988 இல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்பாரும் துணைவரும் 21 முதல் 35 மாத வயதுள்ள குழந்தைகளின் பெற்றோரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு சாரார் தம் வழக்கப்படி படித்துக் காட்டினர். மற்றொரு சாரார்க்கு, படத்தைக் காட்டி வினவவும், பிள்ளை சொன்னதைக் கூட்டிச் சொல்லவும், பிள்ளையையே கதை சொல்ல வைக்கவும் பயிற்சி தரப்பட்டது. ஒரே மாதத்தில் இரண்டாம் சாராரின் குழந்தைகள் பேச்சில் தெளிவாக முந்தியிருந்தனர். செய்யும் விதம் இதுதான்: “இது என்ன?” என்பதோடு நில்லாமல், “மாடு என்ன செய்கிறது?” என்று கேட்க வேண்டும். பிறகு வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கடினமானது இதுவே. பிள்ளை “மா” என்றால், “ஆமாம், செவலை மாடு வைக்கோல் தின்கிறது” என்று நீட்டிச் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் போதும். அதே கதையை இருபதாம் தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்ல வேண்டும். கேட்கக் கேட்கத்தான் சொற்கள் பிடிபடுகின்றன.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் தாத்தாவும் இதைக் குறைவறச் செய்யலாம் என்பதை வற்புறுத்திக் கூறுகிறோம். படத்தைப் பார்த்துப் பேச எழுத்தறிவு வேண்டியதில்லை. நெசவாளர் குடும்பங்களிற் பலவற்றில் வீட்டுமொழி சௌராஷ்டிரமாகவோ, தெலுங்காகவோ, கன்னடமாகவோ இருக்கிறது. அம்மொழியிலேயே சொல்லலாம், புத்தகத்திலுள்ள தமிழ் பள்ளிக்குப் போகும்போது வந்து சேரும். பாட்டியின் வாய்மொழிச் சொற்கள் இப்போது வாராவிட்டால் பிற்பாடு வாரா.

மாடம் எப்போதும் பிள்ளையின் விருப்பத்துக்குரிய இடமாயிருக்க வேண்டும். குறும்பு செய்தால் “போய் அலமாரியில் உட்கார்” என்று அனுப்பினோமானால் அன்றே அது சிறைக்கூடமாகிவிடும். பிறகு எந்தப் படமும் பிள்ளையை அங்கே இழுக்காது. சாப்பாட்டுத் தட்டும் உள்ளே போக வேண்டாம். எறும்பும் எலியும் பின்னோடு வரும். இராமபாணப் பூச்சியும் கறையானும் அண்டாதிருக்க வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதறி வெயிலில் காட்டிவிட்டு வைத்தால் போதுமானது. மீண்டும் சாமான் சேர ஆரம்பிப்பதுதான் உண்மையான தொல்லை. முதலில் ஒரு பை, அடுத்த வாரம் ஒரு சாக்கு, தீபாவளிக்குள் பழைய அலமாரியே திரும்பிவிடும். ஒரு பையைக்கூட அனுமதிக்காத உறுதி வீட்டில் ஒருவர்க்கேனும் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது பாட்டியாகவே இருப்பார்.

பிள்ளை நான்கைத் தாண்டியதும் தொட்டிலை அரை அடி உயர்த்திக் கட்டலாம். மெத்தையிடத்தில் ஒரு சாய்மேசை வைத்தால் சிலேட்டுக்கு உதவும். கழற்றிய கதவுகளை விறகுக்கு விற்க வேண்டாம். பழைய தேக்குப் பலகையாயின் அச்சாய்மேசைக்கு அதுவே போதும். பூச்சைச் சுரண்ட வேண்டியிருந்தால் மேலே சொன்னபடி நனைத்தே சுரண்ட வேண்டும்.